படுக்கைப்புண்: முதியோர் இல்லத்திலும் வீட்டிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் முதியோர் இல்லங்களுக்குத் தாய் தகப்பனைப் பார்க்கப் போகும் பிள்ளைகள், அங்கே பராமரிப்பு வேலை செய்கிறவர்கள், பாரிசவாதம் வந்தவரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் குடும்பங்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறோம். முன்பு விளக்கியதைப் பின்னால் எண்ணால் மட்டும் காட்டியிருப்பதால், முதல் தடவை வரிசையாக வாசிப்பது நல்லது. புண் நாறுகிறது, ஆள் மயங்கிக் கிடக்கிறார் என்றால் நேரே 6ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. வயசு போனா படுக்கைப்புண் வரத்தானே செய்யும்?

வயது போனதால் மட்டும் யாருக்கும் இந்தப் புண் வருவதில்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தசை நெடுநேரம் நசிபட்டால் வருகிறது. தோலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் ஏறக்குறைய 32 மில்லிமீற்றர் இரச அழுத்தத்துக்கு மேல் போனால் மூடத் தொடங்கும். இறுகிப்போன தும்பு மெத்தையில் மல்லாக்கக் கிடப்பவரின் இடுப்பெலும்பின் கீழே அதைவிடக் கூடிய அழுத்தம் உண்டாகிறது. நல்ல உடம்புக்காரர் நித்திரையிலும் தன்னையறியாமல் புரண்டு படுப்பார். பாரிசவாதம் வந்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர், மறதி நோய் முற்றியவர் புரள மாட்டார்கள். சிலருக்கு நோவே தெரியாது. பலவீனமான உடம்பு இரண்டு மணித்தியாலம் ஒரே பக்கம் கிடந்தால், உள்ளே தசை சாகத் தொடங்க அதுவே போதும்.

அழுத்தத்தோடு இன்னும் மூன்று சேரும். தலைமாட்டை உயர்த்தி வைத்தால் ஆள் கீழே வழுகுவார். தோல் பெட்சீற்றோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு கீழே போகும், நடுவில் இரத்தக் குழாய்கள் இழுபட்டு முறுகும். கக்கத்தில் பிடித்து இழுத்து மேலே ஏற்றும்போது தோல் உராயும். வியர்வையும் சலமும் தோலை ஊறவைக்கும். ரெக்சின் உறை போட்ட மெத்தையில் கிடப்பவருக்கு நம்முடைய வெயில் காலத்தில் முதுகு காய்வதே இல்லை.

2. எந்தெந்த இடத்தப் பார்க்கணும்?

மல்லாக்கக் கிடப்பவருக்கு பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை, இடுப்புக்குக் கீழே நடு எலும்பு, குதிக்கால். ஒருக்களித்துக் கிடப்பவருக்கு காது, தொடையின் வெளிப்பக்க எலும்பு, முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசும் உட்பக்கம், கணுக்கால் மொழி. கதிரையில் இருப்பவருக்கு இரண்டு இருப்பெலும்புகள். இடுப்பிலும் குதிக்காலிலும்தான் மிக அதிகம்.

எலும்பு இல்லாத இடத்திலும் வரும். மூக்கில் போட்ட குழாய், தொடையில் ஒட்டிய சலக்குழாய், காதுக்குப் பின்னால் போகும் ஒட்சிசன் குழாய், இறுகிப்போன காப்பு, இடுப்பில் கட்டிய அரைஞாண், கையில் கட்டிய தாயத்து எல்லாவற்றின் அடியையும் தூக்கிப் பாருங்கள்.

3. சிவந்தா கவனி எண்டு சொல்றாங்க. எங்கட அம்மா நல்ல கறுப்பு. சிவப்பு எப்பிடித் தெரியும்?

தெரியாது. அதனால்தான் நம்முடைய ஆட்களில் முதற்கட்டம் தவறிப்போய், தோல் உடைந்த பிறகே கண்டுபிடிக்கிறோம். கண்ணோடு கையையும் பாவியுங்கள். கையின் பின்புறத்தால் அந்த இடத்தைத் தொட்டு, பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள். சூடாக இருக்கிறதா, அல்லது வழக்கத்தைவிடக் குளிர்ந்து கிடக்கிறதா? கல்லுப் போல் இறுகியிருக்கிறதா, பழுத்த பழம் மாதிரிக் கொழகொழ என்றிருக்கிறதா? தொட்டதும் ஆள் முகத்தைச் சுளிக்கிறாரா? நிறத்தில் சிவப்பைத் தேடாமல், சுற்றிலும் உள்ளதைவிடக் கறுத்து, நீலம் அல்லது ஊதா பாய்ந்த திட்டைத் தேடுங்கள்.

வெளுத்த தோல் என்றால் விரலால் மூன்று விநாடி அமத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் அதுதான் முதற்கட்டம். குளிக்க வார்க்கும்போது ஒரு தடவை, இரவு படுக்க வைக்கும்போது ஒரு தடவை, டோர்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சாரத்தை முழங்கால் வரை தூக்கிப் பார்த்துவிட்டு விடுவது பார்த்ததாகாது.

4. மேல அஞ்சு சத அளவு ஓட்டைதான் இரிக்கு. இதுக்குப் போய் இவ்வளவு பயப்படணுமா?

பயப்படத்தான் வேண்டும். அழுத்தம் எலும்போடு ஒட்டிய இடத்திலேயே மிகக் கூடுதல். தோலைவிடத் தசை இரத்தமின்றிச் சீக்கிரம் சாகும். எனவே சேதம் உள்ளே அகலமாகத் தொடங்கி, குவிந்துகொண்டே மேலே வந்து, கடைசியில் தோலில் சிறு வாயாகத் திறக்கிறது. ஒரு சென்டிமீற்றர் வாய்க்குள் நான்கைந்து சென்டிமீற்றர் நீளமான பொந்து பக்கவாட்டில் போயிருப்பதைப் புண் கட்டும் தாதியர் அடிக்கடி காண்கிறார்கள்.

கட்டங்களைச் சுருக்கமாகச் சொன்னால்: 1இல் தோல் உடையாது, மாற்றம் மட்டும். 2இல் மேல்தோல் உரியும், அல்லது நீர்க்கொப்புளம் எழும். 3இல் கொழுப்புத் தெரியும் பள்ளம். 4இல் தசை, நாண், எலும்பு வரை. மஞ்சளாகவோ கறுப்பாகவோ செத்த சதை மூடிக் கிடந்தால் அடி தெரியாது. அதற்குக் கட்டம் சொல்லவே முடியாது, ஆழமானதென்றே எடுக்க வேண்டும். உடையாத தோலில் ஊதா நிறத் திட்டு இருந்தால், இரண்டொரு நாளில் அது பெரிய பள்ளமாக விழக்கூடும். “இல்லத்துக்கு வந்த மூன்றாம் நாள் திடீரென்று வந்தது” என்று சொல்லப்படும் புண்களில் பல, அதற்கு முன்பே வேறு கட்டிலில் தொடங்கியவை.

5. கவனிக்காம விட்டா கடைசியா என்னதான் நடக்கும்?

முதலில் கிருமி புண்ணைச் சுற்றிய தோலுக்கும் அதன் அடிக்கும் பரவும். சுற்றுப்புறம் வீங்கிச் சூடாகும். அடுத்தது எலும்பு. புண்ணின் அடியில் எலும்பு தட்டுப்பட்டால் எலும்புக்குள் கிருமி போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குக் கிழமைக்கணக்கில் மருந்து, சில வேளை எலும்பை வெட்டி எடுப்பது. தொடையின் வெளிப்பக்கப் புண் இடுப்பு மூட்டுக்குள் திறக்கலாம். இடுப்புப் புண்ணில் மலம் பட்டுக்கொண்டே இருந்தால், தோலின் கீழே தசைப் படலத்தை மணித்தியாலக் கணக்கில் அழுகச் செய்யும் தொற்று ஏறலாம்.

உயிரை எடுப்பது பெரும்பாலும் இரத்தத்தில் கிருமி ஏறுவதுதான். மரணச் சான்றிதழில் “நியூமோனியா” என்றோ “இருதயம் நின்றது” என்றோ இருக்கும்; தொடங்கிய இடம் இடுப்பில் இருந்திருக்கும். ஏற்புவலியும் இந்த வாசலால் வரலாம். இப்போதுள்ள முதியவர்களில் பலருக்கு ஏற்பு ஊசி போட்டு எத்தனை வருடம் என்பதே நினைவிருக்காது. கிளினிக்கில் கேட்டுப் போடுவியுங்கள்.

மெதுவாகக் கொல்லும் பக்கமும் உண்டு. பெரிய புண்ணிலிருந்து தினமும் புரதம் வடிகிறது, இரத்தச் சோகை கூடுகிறது, நோவால் சாப்பாடு குறைகிறது, சாப்பாடு குறைந்ததால் புண் ஆறாது. சீனி வருத்தம் இருந்தால் தொற்று சீனியை ஏற்றும், ஏறிய சீனி தொற்றை வளர்க்கும். வருடக்கணக்கில் ஆறாத புண்ணின் ஓரத்தில் தோல் புற்று வருவதும் உண்டு, அரிது.

6. எப்ப 1990க்கு அடிக்கணும், எப்ப கிளினிக் நாள் மட்டும் பொறுக்கலாம்?

முதியவருக்குக் காய்ச்சல் வராமலே இரத்தத்தில் கிருமி ஏறலாம். இதை எழுதி ஒட்டி வையுங்கள். உடல் வெப்பம் 38 பாகைக்கு மேல், அல்லது 36க்குக் கீழே; நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் மூச்சு; மேல் பிரஷர் 100க்குக் கீழே; நேற்று வரை பெயர் சொன்னவர் இன்று பினாத்துகிறார் அல்லது எழுப்ப எழும்பவில்லை; ஆறேழு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை; கைகால் குளிர்ந்து திட்டுத் திட்டாக நிறம் மாறுகிறது. இவற்றில் ஏதேனும் ஒன்றை உடல் முழுவதும் பரவும் தொற்றின் அடையாளமாக எண்ணி, உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. காத்திருக்கும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மயக்கமாயிருப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், குளிசைகளை ஒரு பையில் போட்டு வையுங்கள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் காட்ட வேண்டியவை: புண்ணைச் சுற்றிச் சூடும் வீக்கமும் நாளுக்கு நாள் அகலுதல், புதிதாக நாற்றம், சீழ், தோலை அமத்தினால் கறகறவென்று காற்றுச் சத்தம், எலும்பு தெரிதல், இரத்தம் நிற்காமை. கறகறச் சத்தம் கேட்டால் மணித்தியாலம் கூடத் தாமதிக்காதீர்கள். பக்கத்து ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம். களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் எல்லா இடமும் உண்டு. சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் அவர்களே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறைக்கோ அனுப்புவார்கள். நோவு இல்லாத, சுத்தமான, சிறுத்துக்கொண்டு போகும் புண் கிளினிக் நாள் வரை பொறுக்கும்.

7. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பச் சொல்றாங்க. ராவையிலயும் எழும்பணுமா?

பகலில் இரண்டு மணித்தியாலம். இரவில், நல்ல ஃபோம் மெத்தையும் உடையாத தோலும் இருந்தால், நான்கு மணித்தியாலம் வரை விட்டுப் பார்க்கலாம். காலையில் 3ஆம் கேள்வியில் சொன்னபடி தொட்டும் அமத்தியும் பாருங்கள். அடையாளம் ஏதும் தெரிந்தால் இடைவெளியைக் குறையுங்கள். அதாவது இடைவெளியைத் தீர்மானிப்பது அந்தத் தோல். சுவர் மணிக்கூடு நினைவூட்டத்தான்.

திருப்பும் விதம் முக்கியம். முழுதாக 90 பாகை ஒருக்களித்தால் தொடை எலும்பின் மேல் பாரம் இறங்கும். 30 பாகை சரித்தால் போதும்: முதுகுக்கும் இடுப்புக்கும் பின்னால் தலையணையைச் செருகுங்கள், முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. பிறகு உங்கள் கையை இடுப்பு எலும்பின் கீழே விடுங்கள். கை தடையின்றிப் போனால் சரி, நசிந்தால் இன்னும் கொஞ்சம் சரியுங்கள். குதிக்காலுக்குத் தலையணையைக் குதிக்காலின் கீழே வைக்காதீர்கள். கெண்டைக்காலின் கீழே நீளவாக்கில் வைத்து, முழங்கால் சற்றே மடங்கியிருக்க, குதிக்கால் அந்தரத்தில் நிற்க வேண்டும். புண் இருக்கும் பக்கம் எக்காரணம் கொண்டும் படுக்க வைக்காதீர்கள்.

மேலே ஏற்றும்போது இழுக்காதீர்கள். மருதமுனைச் சாரம் ஒன்றைப் பழசாக்கி, மடித்து, தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்து விடுங்கள். இருவர் இரு பக்கமும் சாரத்தைச் சுருட்டிப் பிடித்து, தூக்கி நகர்த்தலாம். தனியாளாக இருந்தால் தலைமாட்டைத் தாழ்த்திவிட்டு, ஒரு தோள், ஒரு இடுப்பு என்று சிறிது சிறிதாக அசையுங்கள். சாப்பிடும் நேரமும் அதன்பின் அரை மணித்தியாலமும் தவிர தலைமாடு 30 பாகைக்கு மேல் வேண்டாம். மூக்குக் குழாயால் உணவு போகிறவருக்கு மட்டும் வைத்தியர் சொன்ன உயரம்.

8. வாப்பாவ முழுநாளும் கதிரையிலதான் இருத்தி வைக்கிறம். படுக்கல்லத்தானே, புண் வராதுதானே?

கதிரையில் இன்னும் சீக்கிரம் வரும். படுத்திருக்கும்போது முழு முதுகிலும் பரவும் பாரம், இருக்கும்போது இரண்டு இருப்பெலும்புகளின் மேல் நிற்கிறது. பிளாஸ்ரிக் கதிரையில் பகல் பூரா இருந்து, இருந்தபடியே தொழுது, அதிலேயே தூங்கிப்போகிறவருக்கு இரு பக்கமும் ஒரே நேரத்தில் புண் வருவதைக் காணலாம். கையில் பலம் உள்ளவர் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை கைபிடியை ஊன்றித் தன்னைத் தூக்கட்டும். பலமில்லாதவரை அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை முன்னால் குனிய வைத்து, பிறகு இடமும் வலமும் சரிக்க வேண்டும். ஒரே இருப்பில் ஒரு மணித்தியாலம், கூடினால் இரண்டு. நான்கு அங்குல இறுக்கமான ஃபோம் துண்டை அடியில் போடுங்கள். கால் நிலத்தில் முழுதாகப் படட்டும், தொங்கினால் ஆள் வழுகுவார்.

9. காத்து மெத்தை வாங்கினா திருப்பத் தேவல்லதானே? கரண்ட் போனா?

திருப்பத்தான் வேண்டும். மாறி மாறி ஊதி இறங்கும் மெத்தை அழுத்த நேரத்தைக் குறைக்கும்; குதிக்காலை அது காப்பாற்றாது, வழுகலையும் தடுக்காது. பம்பில் உள்ள குமிழை ஆளின் நிறைக்கு ஏற்ப வையுங்கள். இறுக்கமாக ஊதினால் நல்லது என்று நினைத்துக் கடைசி எண்ணில் வைப்பவர்கள் அதைப் பலகையாக்கி விடுகிறார்கள். ஆள் படுத்திருக்கும்போது, ஊதியிருக்கும் அறைகளின் கீழே உள்ளங்கை மேலே பார்க்கக் கையை விட்டுப் பாருங்கள். கைக்கும் அவர் இடுப்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இல்லையென்றால் மெத்தை வேலை செய்யவில்லை. மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு. அதன்மேல் ரெக்சின், பழைய போர்வை, மடித்த துவாய் என்று அடுக்கினால் காசு வீண்.

மின்சாரம் போனால் பல மெத்தைகள் சிறிது நேரத்தில் இறங்கிவிடும். அடியில் ஃபோம் மெத்தை ஒன்று எப்போதும் இருக்கட்டும். கரண்ட் வரும்வரை இரண்டு மணித்தியாலக் கணக்குக்குத் திரும்புங்கள். காசு இல்லாதவர்கள் கடன்பட்டு இதை வாங்கத் தேவையில்லை. ஐந்தாறு அங்குல அடர்த்தியான ஃபோம் மெத்தையும் நான்கு தலையணைகளும் ஒழுங்கான திருப்பலும் அதிகம் செய்யும்.

10. மோட்டர்சைக்கிள் ரியூப்ப ஊதி அடியில வைக்கலாமா?

வேண்டாம். வளையம் நடுப்பகுதியைத் தூக்கி வைத்தாலும் சுற்றுவட்டம் முழுவதையும் நசித்து, நடுவுக்கு வரும் இரத்தத்தை நிறுத்துகிறது. தண்ணீர் நிரப்பிய கிளவுசைக் குதிக்காலின் கீழே வைப்பதும் அப்படித்தான். சிவந்த இடத்தை எண்ணெய் பூசி அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. உள்ளே நொந்திருக்கும் தசை இன்னும் கிழியும்.

11. புண்ணக் கழுவிக் கட்டுறது எப்பிடி? நேர்ஸ் ஒவ்வொரு நாளும் வர மாட்டாங்களே.

ஒரு தடவை தாதியிடம் நேரில் பார்த்துப் பழகுங்கள். சேலைன் போத்தல் இல்லையென்றால்: ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, 9 கிராம் உப்பு, அதாவது தேக்கரண்டியால் மட்டமாக ஒன்றரை போட்டு, மூடியபடியே ஆறவிடுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிட வேண்டும். கட்டுவதற்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன்னால், வைத்தியர் தடுக்கவில்லையென்றால், பனடோல் கொடுங்கள். நோவுக்குப் பயந்து ஆள் கையைத் தட்டிவிடுவது குறையும்.

சோப்பால் கை கழுவி, கிளவுஸ் போட்டு, பழைய கட்டை எடுங்கள். ஒட்டியிருந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள், பிய்க்காதீர்கள். புதுக் கிளவுஸ். ஊசி இல்லாத 20 அல்லது 50 மில்லிலீற்றர் சிறிஞ்சால் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சி, வடியும் தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். சுற்றுத் தோலை ஒற்றித் துடைத்து, வஸ்லின் அல்லது சிங்க் ஒட்சைட்டுக் களிம்பு பூசுங்கள், புண்ணுக்குள் வேண்டாம். கோஸ் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, விரித்து, பள்ளத்துக்குள் தளர்வாக வையுங்கள். அடைத்து இறுக்கினால் அதுவே புதிய அழுத்தம். பொந்துக்குள் பல துண்டுகளைத் திணிக்காமல், நீளமான ஒரே துண்டை விட்டு, வால் வெளியே தெரிய வையுங்கள். உள்ளே மறந்துபோன துண்டு மாதக்கணக்கில் சீழ் கட்டும். மேலே காய்ந்த கோஸ், பிளாஸ்ரர். நனைந்த கோஸ் காய்ந்து ஒட்டுவதற்கு முன் மாற்ற வேண்டும், பொதுவாக நாளுக்கு இரண்டு தடவை. மலம் பட்டால் உடனே.

புண்ணைத் திறந்து காற்றுப்படக் காயவிடுவது பழைய நம்பிக்கை. புதுத் தோல் ஈரலிப்பில்தான் நகரும். காய்ந்த பொருக்கு அதற்கு மதில்.

12. மஞ்சள், தேன், தேங்காயெண்ணெய், பெரோக்சைட்… எதப் போடலாம்?

பெரோக்சைட், ஸ்பிரிட், டெட்டோல் மூன்றும் கிருமியோடு புதிதாக முளைக்கும் சதையையும் கொல்லும். ஆழமான பொந்தில் பெரோக்சைட் ஊற்றுவது ஆபத்து. நுரைக்கும் வாயு இரத்தத்துக்குள் போகலாம். மஞ்சள் எல்லாவற்றையும் மஞ்சளாக்கி, சீழ் எது, செத்த சதை எது என்று தெரியாமல் பண்ணிவிடும். தேங்காயெண்ணெய் உடையாத காய்ந்த தோலுக்கு நல்லது, புண்ணுக்குள் வேண்டாம். தேனுக்கு வைத்தியத்தில் இடம் உண்டு, ஆனால் அது கிருமி நீக்கிய மருத்துவத் தேன்; வாகரைக் காட்டுத் தேன் எவ்வளவு சுத்தமானாலும் அதில் வித்துக் கிருமிகள் இருக்கக்கூடும், அதைக் குடிக்கக் கொடுங்கள், சீனி வருத்தம் இல்லாவிட்டால். சாம்பலும் புகையிலையும் ஏற்புவலிக்கு வழி.

13. குதிக்கால்ல கறுப்பாக் காஞ்சு தோல் மாதிரி ஒட்டியிருக்கு. வெட்டி எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். குதிக்காலில் உள்ள கறுப்புப் பொருக்கு காய்ந்து, இறுகி, சுற்றிலும் சிவப்பில்லாமல் இருந்தால் உடம்பு தானே போட்ட மூடி அது. நனைக்காமல் விட்டு, குதிக்காலை அந்தரத்தில் வைத்து, தினமும் பாருங்கள். ஓரம் இளகி, நாறி, நீர் கசிந்தால் உடனே ஆஸ்பத்திரி. இடுப்பில் உள்ள கறுப்புப் பொருக்கு வேறு. அதன் கீழே பெரும்பாலும் சீழ்தான், அதை வெட்டி அகற்றுவது வைத்தியர் வேலை.

14. புண்ணுக்குள்ள புழு நெளியுது. மண்ணெண்ணெய் ஊத்தலாமா?

மண்ணெண்ணெயும் டெட்டோலும் வேண்டாம். சதை வேகும், புழு இன்னும் ஆழத்துக்குப் போகும். உப்புத் தண்ணீரால் கழுவி, கண்ணுக்குத் தெரிவதைக் குறட்டால் எடுத்து, நனைந்த கோசால் மூடி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஈ உட்கார்ந்ததால் வந்தது. பகலிலும் நுளம்பு வலை போட்டு, கட்டு நனைந்தவுடன் மாற்றினால் வராது. இல்லத்தில் ஒருவருக்குக் கண்டால் பக்கத்துக் கட்டில்கள் எல்லாவற்றையும் பாருங்கள். வெட்கப்பட்டு மறைத்து வைப்பதால்தான் இது கெடுகிறது.

15. பம்பஸ் போட்டா சலம் படாதுதானே?

ஊறிய பம்பஸ் ஈரச்சாக்குப் போலத்தான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பும்போதே திறந்து பாருங்கள். மென்மையான சோப்பும் தண்ணீரும், ஒற்றித் துடைப்பு, மெல்லிய களிம்பு. பவுடர் வேண்டாம், மடிப்பில் கட்டியாகித் தோலை அராவும். பகலில் சில மணித்தியாலம் பம்பஸ் இல்லாமல் பருத்தித் துணியில் கிடக்க விடுங்கள்.

தொடை இடுக்கிலும் மடிப்பிலும் பரவலாகச் சிவந்து எரிந்தால் அது ஈரத்தால் வந்த தோல் எரிச்சல். எலும்பின் மேல், ஓரம் தெளிவாக, வட்டமாக இருந்தால் அழுத்தப்புண், அதாவது படுக்கைப்புண். முதலாவதற்குக் களிம்பு போதும்; இரண்டாவதற்குப் பாரத்தை எடுக்காமல் எதுவும் உதவாது.

16. புண்ணுக்கு மீன், முட்டை ஆகாது, சீழ் வைக்கும் எண்டு பெரியவங்க சொல்றாங்களே?

இந்த ஒரு நம்பிக்கை நிறையப் புண்களை ஆறவிடாமல் வைத்திருக்கிறது. சதை வளரப் புரதம் வேண்டும். புண் உள்ளவருக்கு ஒரு கிலோ நிறைக்கு நாளுக்கு 1.25 முதல் 1.5 கிராம், 50 கிலோ ஆளுக்கு 62 முதல் 75 கிராம். இரண்டு முட்டை 12, சமைத்த மீன் 100 கிராம் 20, இரண்டு கிளாஸ் பால் 13, அவித்த பருப்பு ஒரு கோப்பை ஏறக்குறைய 15, ஒரு சின்னக் கிண்ணம் எருமைத் தயிர் 4 அல்லது 5. சோற்றில் உள்ளதையும் சேர்த்தால் கணக்குச் சரி. வெறும் கஞ்சியும் பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்தால் பாதி கூட வராது. விழுங்கக் கஷ்டப்படுபவருக்கு மீனை முள் எடுத்து மசித்து, முட்டையைக் கஞ்சியில் அடித்துச் சேர்க்கலாம். கொய்யா, நெல்லி, தோடம்பழம், முருங்கையிலை இவையும் வேண்டும்.

சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு மட்டும் இந்த அளவை வைத்தியரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். சீனி வருத்தக்காரருக்கு மீன், முட்டை, பருப்பைக் குறைக்கத் தேவையில்லை; மாவையும் சீனியையும் குறையுங்கள். ஒரு மாதத்தில் 50 கிலோவிலிருந்து 47.5க்கு இறங்கினால் அது எச்சரிக்கை. நிறுக்க வழியில்லாவிட்டால், கையில் போட்ட காப்பு தளர்வதைப் பாருங்கள்.

17. பார்மசியில அன்ரிபயோட்டிக் குளிசை வாங்கிக் குடுத்தா என்ன?

எல்லாத் திறந்த புண்ணிலும் கிருமி இருக்கும். அதற்காக எல்லாவற்றுக்கும் குளிசை தேவையில்லை. 6ஆம் கேள்வியில் சொன்ன அடையாளம் இருந்தால் குளிசை போதாது, ஊசி மருந்து தேவைப்படலாம். அடையாளம் இல்லாவிட்டால் குளிசையே வேண்டாம். இரண்டு நாள் குடித்து நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். செத்த சதைக்கு இரத்தம் போகாது, எனவே மருந்தும் அங்கே போய்ச் சேராது. அதை அகற்றுவதும் பாரத்தை எடுப்பதும் முதலில்.

18. ஆறுது எண்டு எப்பிடித் தெரியும்? எத்தின நாள் எடுக்கும்?

கிழமைக்கு ஒரு தடவை, ஒரே நாளில், ஒரே விதமாகப் படுக்க வைத்து அளவுங்கள். நீளம், அகலம் சென்டிமீற்றரில். ஆழத்துக்குச் சுத்தமான பஞ்சுக் குச்சியை மெதுவாக விட்டு, தோல் மட்டத்தில் விரலால் பிடித்து, அடிமட்டத்தில் வையுங்கள். கொப்பியில் எழுதுங்கள், பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் படமும் எடுங்கள். அடி மாதுளை முத்துப் போலச் சிவந்து, சிறுமணிகளாக எழும்பினால் நல்லது. இரண்டு கிழமை ஒழுங்காகச் செய்தும் அளவு குறையவில்லையென்றால் எங்கேயோ பாரம் விழுகிறது, சாப்பாடு போதவில்லை, அல்லது உள்ளே கிருமி, திரும்பக் காட்டுங்கள்.

முதற்கட்டம் பாரத்தை எடுத்தால் சில நாளில் மறையும். இரண்டாவது கிழமைக்கணக்கு. மூன்றும் நான்கும் மாதக்கணக்கு, சிலருக்கு வருடம். ஆறிய தோலுக்குப் பழைய தோலின் பலத்தில் 80 வீதத்துக்கு மேல் வராது. எனவே ஆறிய இடத்தில்தான் அடுத்த புண் முதலில் வரும்.

19. வெள்ளம் வந்து பள்ளிக்கூடத்துல தங்க வேண்டி வந்தா?

2011 ஜனவரி வெள்ளம் போல இன்னொன்று வரும் என்று வைத்துத்தான் ஆயத்தப்பட வேண்டும். மாரி தொடங்குமுன்பே கிராம உத்தியோகத்தரிடம், “எழும்ப முடியாத ஆள் ஒருவர் இருக்கிறார்” என்று சொல்லிப் பெயரைப் பதியுங்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபின் தூக்குவது கடினம். ஃபோம் மெத்தையைத் தடித்த பொலித்தீனில் சுற்றி வையுங்கள். ஏழு நாளுக்கான கோஸ், பிளாஸ்ரர், கிளவுஸ், களிம்பு, பம்பஸ், குளிசைகள், கிளினிக் கொப்பி ஒரு வாளியில். மாரியில் உடுப்புக் காயாது, குறைந்தது ஆறு பருத்தி விரிப்பு வேண்டும்.

அங்கே சீமெந்துத் தரையில் பாயில் படுக்க வைத்தால் ஒரே இரவில் புண் வரலாம். மேசைகளை ஒன்றாக்கி மெத்தையை மேலே போட்டு, விழாமல் பக்கத்தை அடையுங்கள். மெத்தை இல்லையென்றால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்புங்கள். வெள்ளத் தண்ணீர் பட்ட புண்ணை உடனே சுத்தமான தண்ணீரால் கழுவி, முகாமுக்கு வரும் சுகாதார ஆட்களிடம் காட்டுங்கள்.

20. இல்லத்துக்குப் பார்க்கப் போனா போர்வையை எடுத்துக் காட்டச் சொல்ல வெக்கமா இரிக்கு. கேட்கலாமா?

கேட்க வேண்டும். வாசலில் கதிரையில் இருத்திப் பவுடர் போட்டுக் காட்டும் ஆளைப் பார்த்துவிட்டு வருவது போதாது. மறைவான இடத்தில், பராமரிப்பவர் உதவியோடு, இடுப்பையும் இரண்டு குதிக்காலையும் பாருங்கள். தாயின் உடலைப் பார்க்க மகன் கூச்சப்பட்டால் மகளோ மருமகளோ பார்க்கட்டும். திருப்பும் அட்டவணை எங்கே, நேற்று இரவு இரண்டு மணிக்கு யார் திருப்பினார், கையொப்பம் உண்டா, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், கடைசியாக நிறை பார்த்தது எப்போது என்று கேளுங்கள். சேர்க்கும் நாளிலேயே தோலைப் பார்த்து இரு தரப்பும் எழுதி வைத்தால், பிறகு யார் பிழை என்ற வாதமே வராது. நல்ல இல்லம் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்காது.

வேலை செய்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இருபது பேருக்கு இரவில் ஒருவர் என்றால் எல்லோரையும் இரண்டு மணித்தியாலத்தில் திருப்ப அவரால் முடியாது. அப்படியான இடத்தில் யார் தானாகப் புரள முடியாதவர் என்று கட்டிலில் நிறத் துணி கட்டி, அவர்களை முதலில் திருப்புங்கள். நிர்வாகத்திடம் எழுத்தில் ஆள் கேளுங்கள். கவனிப்பின்மை தொடர்ந்தால் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தரிடமோ சமூக சேவை உத்தியோகத்தரிடமோ, திகதியும் படமும் வைத்து எழுத்தில் கொடுக்கலாம். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, தேசிய முதியோர் செயலகமும் இருக்கிறது.

21. எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சம். எண்டாலும் வந்திட்டு. எங்கட பிழையா?

பெரும்பாலான புண்களைத் தடுக்கலாம், எல்லாவற்றையும் அல்ல. கழுத்தெலும்பு முறிந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்து வாழ்ந்த அமெரிக்க நடிகர் கிறிஸ்டோபர் ரீவுக்குப் பணமும் முழுநேரத் தாதியரும் இருந்தார்கள். 2004 ஒக்டோபரில் அவர் இறக்கும்போது கிருமி ஏறிய அழுத்தப்புண்ணுக்குத்தான் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. இறுதி நாட்களை நெருங்கியவரின் உடம்பு தோலுக்கு இரத்தம் அனுப்புவதைக் குறைத்துவிடும். அப்போது சில மணித்தியாலத்தில் இடுப்பில் ஊதாத் திட்டு விழுந்து கறுக்கலாம், எவ்வளவு திருப்பினாலும்.

அந்தக் கட்டத்தில் புண்ணை ஆற்றும் நோக்கத்தை விட்டு, நோவைக் குறைக்கும் நோக்கத்துக்கு மாறலாம் என்று வைத்தியரோடு பேசுங்கள். கட்டு மாற்றுவதை ஒட்டாத துணியால் நாளுக்கு ஒரு தடவையாக்கலாம். நாற்றத்துக்கு மருந்துத் தூள் உண்டு, கேட்டு வாங்குங்கள். பேரப்பிள்ளைகள் அறைக்குள் வரத் தயங்காமல் இருக்க அது உதவும். திருப்புவதற்கு அரை மணித்தியாலம் முன் நோவு மருந்தைக் கொடுத்து, அவருக்கு இதமான பக்கத்தில் கூடுதல் நேரம் விடுங்கள். திருப்பும்முன் ஒவ்வொரு தடவையும், “அம்மா, இப்ப வலப்பக்கம் சரிக்கப் போறன்” என்று காதருகே சொல்லுங்கள். பதில் சொல்லாதவருக்கும் பெரும்பாலும் காது கேட்கும்.